இருபத்தேழாவது பெயர்

1

போன கிழமை ரீவி கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். விளையாட்டு அலைவரிசைகளை நிற்பாட்ட வேண்டும். வீட்டில் இப்போது அவற்றைப் பார்க்க ஆள் இல்லை. நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பிள்ளை வந்தாள். தேன் குரல். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டாள். என் கணவரின் பெயரைச் சொன்னேன். அப்படியென்றால் அவரோடுதான் தான் கதைக்க வேண்டும் என்றாள்.

அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து மரியாதையான சொற்கள் இருக்கின்றன. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னது, அவர் வீட்டில் இல்லை என்று.

எப்போது வருவார் என்று கேட்டாள்.

பின்னேரம் என்றேன்.

அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வருகிற புதன்கிழமை ஆண்டுத் திவசம். ஐயருக்குச் சொல்லியாயிற்று, வாழையிலைக்கும் சொல்லியாயிற்று. செத்தவருக்குத் திவசம் செய்ய எல்லா ஆயத்தமும் பண்ணிக்கொண்டு, அவர் பின்னேரம் வருவார் என்று முன்பின் தெரியாத பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள். எனக்கு வாய் கூட என்பது ஊருக்கே தெரியும். கலியாணம் பேசி வந்தபோது, பெட்டைக்குக் கொஞ்சம் நாக்கு நீளம் என்று புரோக்கரே சொல்லித்தான் பேசினார். அப்படிப்பட்ட நான் ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் ஒரு வீட்டையே ஊமையாக்கி வைத்திருந்தேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் பலர் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள், இனியும் செய்வார்கள்.

2

என் பெயர் யோகம், என் கணவர் பெயர் தர்மலிங்கம். ஊரில் அவர் கிரிக்கெட் விளையாடியதில்லை. பள்ளிக்கூடத்தின் பெரிய மச்சுகளுக்கு ஓட்டம் எழுதுகிறவர். வெயிலில் ஓடுகிறவனுக்கு மாலை விழும், மேசையில் இருந்து எழுதுகிறவனுக்கு ஒரு பிளேன்ரீ கிடைக்கும் என்பார். ஆனால் அந்தக் கொப்பியில் பிழை பிடித்தவர் எவரும் இல்லை.

இங்கே கனடாவுக்கு வந்து வேலை அனுமதிக் கடதாசிக்காகக் காத்திருந்த மாதங்களில், ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்தோம். வீட்டுக்காரர் தந்த பழைய ரீவியில் ஒரு அலைவரிசைதான் தெளிவாகத் தெரியும். அதில் எப்போது பார்த்தாலும் பேஸ்போல். முதல் கிழமை, "உது என்ன விசர் விளையாட்டு" என்றார். மூன்றாம் கிழமை கடைக்குப் போய் ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கி வந்தார்.

கிரிக்கெட் தெரிந்த உங்களுக்கு இதை விளக்குவது சுகம். ஒருவன் எறிவான், மற்றவன் அடிப்பான். அடித்தவன் முதலாவது மூலையைத் தொட்டால்தான் கணக்கு. தொட முன் அவுட் ஆனால் வெறும் ஆள். மூன்று பேர் அவுட்டானால் ஒரு சுற்று, அப்படி ஒன்பது சுற்று. என் கணவர் அடிக்க வருகிற ஒவ்வொருவனுக்கும் கொப்பியில் ஒரு வரி ஒதுக்குவார். பெயரைத் தமிழில் எழுதுவார். எறிகிற ஒவ்வொரு பந்துக்கும் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைப்பார். ஆள் எப்படிப் போனான் என்பது வரியின் கடைசியில் ஒரு சொல்லாக இருக்கும். பிடி, வீச்சு, அப்படி ஏதாவது. பிடி என்றால் பிடித்தவனின் பெயரும் இருக்கும். மகனும் மகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அந்தக் கொப்பிகளைப் பார்த்து, அப்பா பேஸ்போலைத் தமிழில் மொழிபெயர்க்கிறார் என்று சினேகிதருக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு அவர்கள் வளர்ந்து, தமிழ் வாசிக்க மறந்து, மகன் ரமணன் ஒஷாவாவுக்கும் மகள் சுகி யூனியன்வில்லுக்கும் போனார்கள். கொப்பிகள் பேஸ்மென்ற் தட்டில் அடுக்குக் கூடிக்கொண்டே போயின.

எனக்கு அந்த விளையாட்டில் ஒன்றே ஒன்றுதான் எரிச்சல். சில ஆட்டக்காரர் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்படித் தட்டினால் அவுட்டும் இல்லை, ஓட்டமும் இல்லை. எறிபவன் திரும்பத் திரும்ப எறிய வேண்டியதுதான். புள்ளிகள் வரியை விட்டு ஓரத்துக்குப் போய்விடும்.

"என்னப்பா, உவன் என்ன செய்யிறான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உவன் அடிக்கவும் மாட்டான், போகவும் மாட்டான். எறியிறவனைக் களைக்கப் பண்ணுறான்" என்றார்.

3

போன வருடம் வைகாசியில் அவருக்கு வயிற்று நோ வந்தது. வாய்வு என்று சொல்லி உள்ளியும் இஞ்சியும் அவித்துக் குடிக்கக் கொடுத்தேன். ஆனியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது. எங்களுக்காகத் தொலைபேசி எடுத்துக் கதைக்கிற ரமணனுக்குத்தான் முதலில் சொன்னார்கள், அவன் எனக்குச் சொன்னான். சொன்ன அந்த நிமிடமே நான் முடிவெடுத்துவிட்டேன். இது இவருக்குத் தெரியக்கூடாது.

ஏன் என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்க மாட்டீர்கள். நாங்கள் அப்படித்தான். என் மாமாவை வயிற்றுப்புண் என்று சொல்லித்தான் அனுப்பினோம். சொன்னால் ஆள் மனம் விட்டுவிடும், மனம் விட்டால் உடம்பும் விட்டுவிடும். கடைசி மட்டும் அவர் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது ஆசைதான், பொய் இல்லை என்று என்னை நானே நம்ப வைத்தேன்.

ஆனால் இந்த நாட்டில் டொக்டர்கள் நோயாளிக்குச் சொல்லாமல் விட மாட்டார்கள். அடுத்த சந்திப்புக்குத் தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குபண்ணியிருந்தார்கள். இவரை நிறை பார்க்கப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போன நேரம் பார்த்து நான் ரிசீவரை எடுத்தேன்.

"தங்கச்சி, அந்தச் சொல்லை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. புண் எண்டு சொல்லுங்கோ, போதும்."

"அன்ரி, அவை சொல்லுறதை நான் அப்பிடியே சொல்லவேணும். நீங்கள் இப்ப கேட்டதையும் டொக்டருக்குச் சொல்லவேணும்."

சொன்னாள். டொக்டர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. இளம் பெண், நல்ல முகம். உங்கள் கணவருக்கு எவ்வளவு தெரிய விருப்பம் என்று அவரையே கேட்போம் என்றார். இவர் வந்து இருந்ததும் டொக்டர் கேட்டார். இவர் சுவரில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மொழிபெயர்ப்பை எதிர்பாராமல் தன் ஆங்கிலத்திலேயே, "என் மனைவிக்குச் சொல்லுங்கள். அவதான் மனேஜர்" என்றார். டொக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். பேஸ்போலில் எந்த ஆளை எப்போது இறக்குவது, எப்போது எடுப்பது என்று முடிவெடுப்பவர்தான் மனேஜர். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்குத் தாதி வருவதற்கு ஒரு போம். அதில் அவருடைய கையெழுத்து வேண்டும். தலைப்பிலேயே, குணமாக்க முடியாதவர்களுக்கான பராமரிப்பு என்று தடித்த எழுத்தில் இருந்தது. நான் கடதாசியை மடியில் வைத்து, தலைப்பைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, "உதிலை ஒண்டு போடுங்கோ" என்றேன். முப்பது வருடம் யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் பிழை பார்க்கும் வேலை செய்தவர். சீனிப் பையின் பின்பக்கத்தையும் வாசிக்கிறவர். ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

சுகி என்னோடு சண்டை பிடித்தாள். காருக்குள் வைத்துத்தான், அவருக்குக் கேட்கக்கூடாது என்று.

"அம்மா, திஸ் இஸ் ஹிஸ் லைஃப். அவருக்குத் தெரிய ரைற் இருக்கு."

"ரைற்றும் மண்ணாங்கட்டியும். நீ உன்ரை படிப்பை அங்கை வைச்சுக்கொள். கொப்பாவை எனக்குத் தெரியும்."

"வட் இஃப் ஹீ வோன்ட்ஸ் ரு ரோக்?"

"கதைக்க வேணுமெண்டா என்னோடை கதைப்பார்தானே" என்றேன்.

அவள் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி அழுதாள். கடைசியில் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டாள். அதன் பிறகு அப்பாவிடம் வந்தால் கட்டிலடியில் இருந்து போனைத் தட்டிக்கொண்டிருப்பாள், கதைக்க மாட்டாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

4

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்களைத் தெரியும்தானே, ஒரு வீட்டில் வருத்தம் என்றால் அப்பிள், தோடம்பழத்தோடு வரிசையாக வருவார்கள். வாசலில் செருப்புக் கழற்றும் இடத்திலேயே நான் மறித்துவிடுவேன்.

"அவருக்குத் தெரியாது. உள்ளுக்கை போய் ஒண்டும் கதைச்சுப்போடாதேங்கோ."

எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவரும் என்னைப் பிழை சொல்லவில்லை. உள்ளே போய் வெயிலைப் பற்றிக் கதைப்பார்கள். வீட்டு விலையைப் பற்றிக் கதைப்பார்கள். றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குத் தேர் எப்போது என்று கதைப்பார்கள். ஆள் தேறிவிட்டீர்கள், முகத்தில் களை வந்திருக்கிறது என்பார்கள். அரை மணித்தியாலத்தில் எழும்புவார்கள்.

இவர் எப்போதும் போல அமைதியாகத்தான் இருந்தார். ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. வருகிறவர்களிடம் ஏதாவது ஒரு கேள்வி கேட்பார். யூனியன்வில்லில் இருந்து நவம் அண்ணை வந்திருந்தபோது கேட்டார்:

"நவம், உன்ரை அப்பா கடைசியிலை உன்னோடை ஏதும் கதைச்சவரே?"

நவம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் கண்ணால் காட்டினேன்.

"அது அந்தக் காலம் தர்மண்ணை. உதை விடுங்கோ. எங்கடை றோட்டிலை ஒரு வீடு போயிருக்கு, என்ன விலை எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

இன்னொரு நாள் பற்றிக் வந்தார். மன்னார் ஆள், இவரோடு ஒரே தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்தவர். மற்றவர்கள் மாதிரிக் கதிரையில் இருக்காமல் கட்டில் ஓரத்தில் இருந்து இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். பற்றிக்கின் குரல் இறங்கிக் கேட்டது.

"தர்மா, நான் ஒண்டு கேக்கிறன். மனசிலை ஏதும் கிடந்தா..."

தேத்தண்ணியைச் சீனி போடாமலே தூக்கிக்கொண்டு ஓடினேன். "பற்றிக் அண்ணை, உங்கடை மகளுக்குப் பிள்ளை பிறந்ததாமே?" என்று இரண்டு பேருக்கும் நடுவில் தட்டை நீட்டினேன். பற்றிக் கையை விட்டுவிட்டுத் தேத்தண்ணியை எடுத்தார். இவர் என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். கெட்டிக்காரி என்று சொல்வது போலச் சிரித்தார்.

ஆட்கள் போன பிறகு தலையணைக்குக் கீழே இருக்கும் கொப்பியை எடுத்து ஏதோ எழுதுவார். பழைய ஆட்டங்களைத் திருத்துகிறார் என்று நினைத்து நான் எட்டிப் பார்த்ததில்லை. அது அவருடைய உலகம்.

5

ஆடி மாதம் ஒரு மத்தியானம். முன்னறையில் ஜன்னலோரம் அவருடைய கட்டில், எதிரே ரீவி. எங்கள் நகரத்து அணியின் ஆட்டம் இல்லை. அமெரிக்காவில் எங்கோ இரண்டு ஊர்கள் விளையாடின. நான் மரக்கறி சூப் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அந்த நாட்களில் நாலு கரண்டி உள்ளே போவதே பெரிய பாடு.

ஆறாவது சுற்றில் அவர் தானாக நிமிர்ந்து இருந்தார். முதுகுக்கு இன்னொரு தலையணை கேட்டார். கொப்பி மடியில், பென்சில் கையில். பல நாளாக அவர் முகத்தில் நான் காணாத ஒரு பரபரப்பு.

"என்ன நடக்குது?"

"பேசாமல் பாரும்."

ஏழாவது சுற்று முடிந்து எறிபவன் வந்து தன் ஆட்களின் வாங்குப் பலகையில் இருந்தான். ரீவிக்காரன் அவனையே காட்டினான். இருபத்தைந்து வயதிருக்கும். தொப்பியை முகத்துக்கு இறக்கிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கின் அந்தப் பக்கம் முழுக்க வெறுமை. மற்றவர்கள் எல்லாம் மறுபக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏனப்பா, அந்தப் பொடியனோடை ஆக்கள் கோவமே?"

"இல்லை. இண்டைக்கு உவன் ஒருத்தனையும் முதல் மூலைக்கு விடேல்லை. இருபத்தேழு பேரையும் அப்பிடியே அனுப்பினா அதுக்குப் பேர் பேர்பெக்ற் கேம். எத்தினை வருசத்துக்கு ஒருக்கா நடக்கிற காரியம். அதாலை ஒருத்தரும் உவனோடை கதைக்க மாட்டினம். பக்கத்திலை இருக்கவும் மாட்டினம். வாயைத் திறந்தாப் பழுதாப் போகுமெண்டு ஒரு பயம்."

"நாவூறு மாதிரி."

"ஓம். நாவூறு மாதிரித்தான்."

"அப்ப அவனுக்குத் தன்ரை விசயம் தெரியாதே?"

அவர் பென்சிலைக் கொப்பியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியாமல் இருக்குமே யோகம்? ஆக்கள் எல்லாரும் விலத்தி இருக்கிறதிலையே அவனுக்குத் தெரியும்தானே."

கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் கரண்டி, கரண்டியில் சூப்.

"சூப் ஆறுது" என்றேன். "வாயைத் திறவுங்கோ."

திறந்தார். விழுங்கினார். பிறகு ரீவியைப் பார்த்தார்.

அந்தப் பொடியன் இருபத்தேழு பேரையும் அனுப்பினான். கடைசிப் பந்து உயரப் போய் ஒருவன் கையில் விழுந்ததும் அத்தனை பேரும் ஓடி வந்து அவன் மேல் விழுந்தார்கள். கட்டிப் பிடித்தார்கள், தலையைத் தடவினார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் அவனோடு கதைத்தார்கள். இவர் கடைசி வரியை எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தார்.

"பாவம்" என்றார். "இவ்வளவு நேரமும் தனிய இருந்திட்டான்."

நான் சூப் கோப்பையைக் கழுவப் போய்விட்டேன்.

6

புரட்டாதியில் கண் பார்வை மங்கத் தொடங்கியது. ரீவியின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். அப்போதும் பென்சில் கையில் இருக்கும். என்னிடமும் கேள்விகள் கேட்பார். இந்த வீடு உமக்குத் தனியப் பெரிசே என்று ஒருநாள். காரை வித்துப்போடலாம்தானே, நீர் ஓட மாட்டீர் என்று இன்னொரு நாள். ஒவ்வொன்றையும் நான் ஓரமாகத் தட்டிவிட்டேன். வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்றேன். வசந்தம் வந்தால் நீங்களே கார் ஓடுவீர்கள் என்றேன். எனக்கு வாய் கூட என்று சொன்னேனே, அது நன்றாகத்தான் வேலை செய்தது.

போவதற்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணியளவில், நான் அவருடைய கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"யோகம்."

"என்ன?"

"உமக்குப் பயமா இருக்கே?"

நான் நிமிரவில்லை. நகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன், "எனக்கென்ன பயம்? வாற சித்திரைக்கு ஊருக்குப் போறம். ரிக்கற் பாக்கச் சொல்லி ரமணனுக்குச் சொல்லியிருக்கிறன்."

அவர் காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

செத்தவீட்டில் எல்லோரும் எனக்குச் சொன்னது ஒரே வார்த்தை. அவர் ஒன்றும் அறியாமல் நிம்மதியாகப் போனார், அது உன்னால்தான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அதைத் தவிரப் பிடிக்க என்னிடம் வேறெதுவும் இல்லை. சுகி மட்டும் அதைச் சொல்லவில்லை. மண்டபத்தின் கார்த் தரிப்பில் வைத்துச் சொன்னாள்:

"நாங்கள் அப்பாவைத் தனிய விட்டிட்டம் அம்மா."

"அவருக்குத் தெரியாது" என்றேன். "தெரியாத மனுசனுக்குத் தனிமை ஏது?"

அதன் பிறகு அவள் வருவது குறைந்தது. தொலைபேசியில் சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா என்று கேட்பாள். நான் ஓம் என்பேன். ஒரு வருடம் அப்படித்தான் போயிற்று.

7

சனிக்கிழமை சுகி ஒரு கண்ணாடிச் சட்டத்தோடு வந்தாள். திவசத்தன்று அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பேர்பெக்ற் கேம் பக்கத்தை வைக்க வேண்டும் என்றாள். கதையை நான்தான் முன்பு அவளுக்குச் சொல்லியிருந்தேன், சூப்பை விட்டுவிட்டு. அலுமாரியில் அவருடைய சாரங்களுக்கு அடியில் கடைசிக் கொப்பி இருந்தது. குசினி மேசையில் வைத்து இரண்டு பேரும் தேடினோம். பக்கம் அகப்பட்டது. இருபத்தேழு வரி, கீழே கோடு. சுகி அதைக் கவனமாகக் கிழித்தெடுத்தாள். கிழித்ததும் அதற்குக் கீழே இருந்த பக்கம் தெரிந்தது.

அதிலும் பெயர்கள், அதிலும் புள்ளிகள்.

"இதுவும் ஒரு கேமா அம்மா? ஆர் வின் பண்ணினது?"

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். முதலாவது வரியில் நவம் என்று இருந்தது. மூன்று புள்ளி. வரியின் கடைசியில், வீட்டு விலை. அடுத்த வரி ஒஷாவாவில் இருக்கும் சம்பந்தி, இரண்டு புள்ளி, வெயில். அதற்கடுத்து கோயில் தேர். அதற்கடுத்து, முகத்தில் களை. வாசலில் நான் மறித்து அனுப்பிய அத்தனை பேரும் வந்த ஒழுங்கில் இருந்தார்கள். ஒருவரும் முதல் மூலைக்கு வரவில்லை. ரமணன் இருந்தான். நாலு புள்ளி, புது மருந்து. பத்தொன்பதாவது பற்றிக், ஒரே ஒரு புள்ளி. வரியின் கடைசியில், நல்ல அடி, பிடி: யோகம் என்று எழுதியிருந்தார்.

"அம்மா? ஆர் ப்ளே பண்ணினது?"

கொப்பியை மூடி, பழைய ஆட்டம் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. ரீவி கொம்பனிப் பிள்ளைக்குச் சொன்னது போல, நவம் அண்ணைக்குக் கண் காட்டியது போல, அது எனக்குப் பழகிய வேலை. சுகி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகம் அப்படியே அவருடையது.

வாசித்தேன். முதலாவது பெயரிலிருந்து ஒவ்வொன்றாக, புள்ளி ஒவ்வொன்றும் அவர் கேட்ட ஒரு கேள்வி என்பதையும் சொல்லி, வாசித்தேன். ஐந்தாவது பெயரிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இருபத்திரண்டாவது வரியில் அவளுடைய பெயர் இருந்தது. ஒன்பது புள்ளி. கடைசியில், பிள்ளை அழுதது, சரி என்று எழுதியிருந்தார். அதை வாசித்தபோது அவள் எழும்பிப் போய்க் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாவுக்குத் தெரியும்" என்றாள்.

"ஓம்."

"எல்லாம் தெரியும்."

"ஓம் பிள்ளை. தெரிஞ்சிருக்கு."

ஒரு வருடமாக நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த மேசையில் கைவிட்டுப் போயிற்று. அவர் அறியாமல் போகவில்லை. எல்லாம் அறிந்துகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் அடிக்கச் சுகமான பந்தாகப் பார்த்து எறிந்துகொண்டு, ஒருவராவது அடிப்பார்களா என்று அந்த ஜன்னலோரம் தனியாக இருந்திருக்கிறார்.

"எத்தினை பேர்?" என்று சுகி கேட்டாள், திரும்பாமல்.

இருபத்தாறு பேருக்கு முடிவு எழுதப்பட்டிருந்தது. இருபத்தேழாவது பெயர் என்னுடையது. களத்தில் நின்று பிடித்தவளே அடிக்கவும் வர முடியாது, அந்த விளையாட்டின் விதி அதற்கு இடம் தராது. விதி தெரிந்த மனிதர் தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறார். என் வரியின் கடைசியில் ஒரு சொல்லும் இல்லை. புள்ளிகள் மட்டும். வரி நிறைந்து, ஓரம் நிறைந்து, கீழே திரும்பி, பார்வை மங்கிய பிறகு வைத்தவை ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, பக்கத்தின் அடி வரைக்கும் போயிருந்தன. அடிக்கவும் இல்லை, அவுட்டாகவும் இல்லை. வீடு பெரிசே என்று கேட்டது அதில் ஒன்று. கார் ஒன்று. சூப் ஆறிய நாள் ஒன்று.

கடைசிப் புள்ளி மற்றவற்றைவிட்டுத் தள்ளி, தனியாக இருந்தது. பென்சில் முனை கடதாசியைத் துளைத்திருந்தது. அது எந்த நாள் என்று எனக்குத் தெரியும்.

சுகி வந்து பக்கத்துக் கதிரையை இழுத்து, என்னோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். நான் அந்தப் புள்ளியில் விரலை வைத்தேன்.

"ஓமப்பா" என்றேன். "எனக்குப் பயமாத்தான் இருந்தது."